நியூசிலாந்துப் பசுவும் அம்பாறை வட்டையும்: மெதேன் கணக்கை எப்படிப் பார்ப்பது?

அம்பாறை வட்டையில், அதாவது வயல்வெளியில், இரண்டரை ஏக்கரில் 105 நாள் நெல்லை விதைத்து, வைக்கல் எதுவும் கலக்காமல், போகம் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்தால் வெளியேறும் மெதேன் என்ற, பூமியைச் சூடாக்கும் வாயு ஏறக்குறைய 90 கிலோ. நியூசிலாந்தில் ஒரு கறவைப் பசு ஒரு வருடத்தில் ஏப்பமாக விடுவது 93 கிலோ. இரண்டுமே ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் திருத்திய வழிகாட்டியின் பொதுக் காரணிகளைக் கொண்டு போட்ட கணக்கு. வயலுக்கு வயல், மாட்டுக்கு மாடு மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

நியூசிலாந்தின் மொத்தப் பசுமைக்குடில் வாயுவில் ஏறத்தாழ பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு அசைபோடும் விலங்குகளின் மெதேன். நெல் அங்கே இல்லை. இலங்கையில் நமக்கோ வயலும் உண்டு, பட்டியும் உண்டு. நாடுவாரியான பட்டியல்களில் அவர்கள் பெரியவர்களாகவும் நாம் சிறியவர்களாகவும் தெரிவோம். அந்தப் பட்டியல் வாயு எங்கே வெளியேறியது என்று மட்டுமே சொல்லும், யார் உண்டார்கள் என்று சொல்லாது. கல்முனைக் கடையில் வாங்கும் 400 கிராம் நியூசிலாந்துப் பால்மாவுக்கு மூன்று லீற்றருக்கு மேல் பால் வேண்டும். லீற்றருக்கு 21 கிராம் வைத்தால் ஒரு பைக்கற்றுக்குப் பின்னால் 70 கிராமளவு மெதேன் இருக்கிறது. தேநீர் நம்முடையது, கணக்கு அவர்களுடையது.

இதைக் கேட்டு நம் மாடுகளை மெச்சிக்கொள்ளவும் முடியாது. அதே வழிகாட்டியில் இந்திய உபகண்டக் கறவைப் பசுவுக்கு 73 கிலோ மெதேன், வருடப் பால் 1,900 கிலோ. நியூசிலாந்து அடங்கும் ஓசியானியாவுக்குப் பால் 4,400 கிலோ. தலைக்கு நாம் குறைவு, லீற்றருக்கு ஏறக்குறைய இரு மடங்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் தரும் நாட்டு மாட்டில் இது இன்னும் கூடும். ஆனால் அந்த மாடு எருவும் தருகிறது, அவசரத்துக்கு விற்றுக் காசாக்கவும் உதவுகிறது. எல்லாப் பழியையும் பாலின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நியூசிலாந்து 2019இல் சட்டம் போட்டு, உயிரினங்கள் வழிவரும் மெதேனை 2017இன் அளவிலிருந்து 2030க்குள் 10 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. அது கடினமான வேலை. மாடு அசைபோடும் வரை மெதேன் வரத்தான் செய்யும். வயல் அப்படியல்ல. காற்றுப் புகாத சேறும் அதற்குள் அழுகும் வைக்கலும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர் மெதேன் செய்யும். இரண்டில் ஒன்றை மாற்றினாலே அளவு இறங்கும். நம் கைக்கு எட்டும் வேலை இதுதான்.

முதலில் வைக்கல். ஏக்கருக்கு இரண்டு தொன் உலர் வைக்கலை விதைப்புக்கு முந்தைய 30 நாட்களுக்குள் உழுது சேற்றில் புதைத்தால், வைக்கல் இல்லாத வயலில் 36 கிலோவாக இருக்கும் மெதேன் 104 கிலோவரை ஏறும். அதே வைக்கலை 30 நாளுக்கு முன்பே மண்ணில் கலந்தால் 53 கிலோ. ஆகவே சிறுபோகம் வெட்டியதும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மெஷின் வரிசையாகக் கொட்டிப்போன வைக்கலைப் பரப்பி மேலோட்டமாக உழுதுவிடுங்கள். பெரும்போக மழைக்குள் அது காற்றோட்டத்தோடு உக்கிவிடும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நடுவில் நாள் போதாவிட்டால் வைக்கலை வெளியே எடுத்து மாட்டுக்கோ கூட்டெருவுக்கோ கொடுங்கள். தீ வைத்தால் நைதரசன் புகையோடு போய்விடும்.

அடுத்தது தண்ணீர். வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும், எப்போது பாய்ச்சுவது என்பதை ஒரு குழாய் காட்டும். 30 சென்ரிமீற்றர் நீள பி.வி.சி. குழாய், நாலு அங்குல அகலம் போதும். கீழ் 20 சென்ரிமீற்றரில் சுற்றிவரத் துளையிட்டு, அந்தப் பகுதியை மண்ணில் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை முழுக்க அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர் நிலமட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே போனதும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும் காலத்தில், ஒரு கிழமை முன்னும் பின்னும், காயவிடக் கூடாது. பலமுறை இப்படிக் காயவிட்டால் மெதேன் பாதியளவாகக் குறையும்.

பிழைக்கும் இடங்கள் உண்டு. வரம்போரம் குழாய் வைத்தால் கசிவால் அளவு பொய் சொல்லும். முதல் மூன்று கிழமை காயவிட்டால் கோழிச்சூடன் களை முந்திக்கொள்ளும். யூரியா எறிந்ததும் நீர் பாய்ச்சுங்கள். எறிந்துவிட்டுக் காயவிட்டால் நைதரசன் நைதரஸ் ஒக்சைட்டாகப் பறக்கும். பூமியைச் சூடாக்குவதில் அது மெதேனைவிடச் சுமார் பத்து மடங்கு வலியது, யூரியாக் காசும் அதோடு போகும். வாவியோரத்து உவர் நிலத்தில் இந்த முறை வேண்டாம், காயக் காய உப்பு மேலே ஏறும். பெரும்போக மழையில் வடிக்கவே முடியாது, அப்போது வைக்கல்தான் ஒரே வழி. இது தனி ஒரு வயலோடு முடியும் வேலையுமல்ல. மேல் கண்டத்துக்காரர் வரம்பில் நீர் விடும் வக்கடையைத் திறந்து வைத்திருந்தால் கீழ் கண்டம் காயாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையோடு பேசி, நீர் முறையை வட்டை முழுவதற்கும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெளியே எடுத்த வைக்கலை அப்படியே போட்டால் மாட்டுக்குச் செரிக்காது. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி பத்து நாள் வையுங்கள். கொடுக்கும் முன் விரித்து வாடையைப் போக்குங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்காதீர்கள். கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் விட்டால் அது குடித்துச் சாகும்.