ரூமுக்குள்ள சைக்கிள் ரேஸ் ஓட்டுற தம்பிங்களா, எடையில கை வைக்காதீங்க

ராமநாதபுரத்துல பிசியோதெரபி பாக்குறேன். முன்னெல்லாம் முட்டி வலி, இடுப்பு வலின்னு பெரியவங்க தான் வருவாங்க, இப்போ மண்டபம், கீழக்கரை பக்கமிருந்து வீட்டுக்குள்ளயே ஸ்மார்ட் ட்ரெய்னர்ல, அதான் நின்ன எடத்துலயே மிதிக்கிற ஸ்டாண்டுல, சைக்கிள மாட்டி ஸ்விஃப்ட் (Zwift)ங்கற ஆப்ல ரேஸ் ஓட்டுற பசங்களும் வர்றாங்க. பாம்பன் காத்துக்கு பயந்து உள்ள வந்துட்டாங்க போலன்னு நெனச்சேன், கேட்டா துபாய்ல இருந்து அண்ணன் ட்ரெய்னர் கொண்டாந்தாராம்.

அப்படி ஒரு தம்பி தொடை புடிச்சுக்கிச்சு, தலை சுத்துது சார்னு வந்தான். எடை மெஷின்ல ஏத்துனா 76 கிலோ. ஆப்ல எவ்ளோப்பா போட்டிருக்கன்னு கேட்டா 68ங்கறான்! ரேஸ் நடத்துறவங்க திடீர்னு எடை பாக்குற வீடியோ கேட்டுட்டாங்க, அதான் ரெண்டு நாளா சோறு தண்ணிய கொறச்சு, ஃபேன் போடாம ஓட்டி, எறக்க பாத்திருக்கான். நம்ம கடக்கரை புழுக்கத்துல வேர்வை காயவே காயாது, உடம்பு சூடு எறங்காது, இதுல இவன் ஃபேன வேற நிறுத்திட்டான். ஓட்டி முடிச்சதும் ஒரு கிலோ கொறஞ்சா அது கொழுப்பு இல்லய்யா, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. அவன் எடைக்கு ஒன்றரை கிலோ போனாலே 2 சதவீதம், அதுக்கு மேல கால் சொன்னபடி கேக்காது.

ஏன் இப்படி பண்றாங்கன்னா, ஆப்ல வேகம் மிதிக்கிற பலத்தையும் (வாட்ஸ்) எடையையும் வச்சுதான், 240 வாட்ஸ் மிதிக்கிறவன் 76 கிலோன்னா கிலோவுக்கு 3.16 வாட்ஸ், 68ன்னு போட்டா 3.53, ஏத்தத்துல சும்மா பறப்பான். ஆப்ல உயரத்த கொறச்சு போட்டா காத்து தடுப்பும் கம்மியாகும், அதையும் பண்றாங்க. இன்னும் சிலர் வேணும்னே மெதுவா ஓட்டி பலம் கம்மியானவங்களுக்கான கீழ் பிரிவுலயே உக்காந்து பரிசு வாங்குவாங்க, அது தனி திருட்டு. 2019ல இந்த ஆப் ரேஸ்ல பிரிட்டன் சாம்பியன் ஆன கேமரன் ஜெஃபர்ஸ் பட்டத்தையே புடுங்குனாங்க, ரேஸ்ல கூட இல்ல, ஆப்புக்குள்ள நல்ல சைக்கிள் கிடைக்கணும்னு முன்னாடியே பாட் (தானா ஓட்டுற புரோகிராம்) வச்சு ஓட்டுனதுக்கு, 6 மாசம் தடை, 250 பவுண்டு அபராதம் வேற.

ஜெயிக்க வேற வழி இருக்கு. தனுஷ்கோடி ரோட்டுல எதிர்காத்துல எப்படி முன்னாடி போறவன் முதுகுக்குப் பின்னாடி ஒளியுவோமோ அதே தான் ஆப்லயும், கூட்டத்துக்குள்ள இருந்தா நெறைய வாட்ஸ் மிச்சம். மொத ரெண்டு நிமிசம் வெறித்தனமா போகும், அதனால நல்லா வார்ம் அப் பண்ணிட்டு தான் நில்லுங்க. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கூட்டத்தோட முன் பக்கம் போயிடுங்க, சரிஞ்சாலும் நடுவுல தான் இருப்பீங்க, கழண்டுற மாட்டீங்க. மிதிச்சது ஸ்கிரீன்ல வர ஒரு நொடி ஆகும், ஸ்பிரிண்ட கொஞ்சம் முந்தியே ஆரம்பிங்க. டயர் உருளுற ட்ரெய்னர்னா காத்து செக் பண்ணி, பத்து நிமிசம் ஓட்டிட்டு ஸ்பின் டவுன் (ட்ரெய்னரோட அளவ சரி பண்றது) போடுங்க. 2020ல ஸ்விஃப்ட்ல நடந்த மொத உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்ச ஜேசன் ஆஸ்போர்ன் ஜெர்மனிக்காரன், துடுப்பு வலிக்கிற ஆளு, நம்ம ஊர்ல அதுக்கு ஆளா இல்ல?

அந்த தம்பி 76னு மாத்திட்டானாம், கூட ஓட்டுறவங்க சிரிக்கிறாங்களாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன், மறுபடி மெஷின்ல ஏத்தணும்.