சாயாத படகு எச்சரிக்காது: பழைய கேட்டமரன் வாங்கியவர்களுக்கு

ஒற்றை உடல் பாய்ப்படகில் பாய் அதிகமாகிவிட்டால் அதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. படகு சாயும், தட்டு உருளும், சுக்கான் கையை இழுக்கும். சாய்ந்ததும் காற்று பாயிலிருந்து வழிந்து, சுமை தானாகவே குறையும். இரட்டை உடல் கொண்ட நாற்பது அடிக் கேட்டமரனில் இவை எதுவும் நடக்காது. மேசைமேல் காபி தளும்பாமல் இருக்கும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளில் மட்டும் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். பத்துப் பன்னிரண்டு பாகை சாய்வுக்குள் காற்றடிக்கும் பக்கத்து உடல் நீரைவிட்டு எழும் கட்டம் வந்துவிடும். அதற்குமேல் நிமிர்த்தும் விசை குறையத் தொடங்கும். கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே மிதக்கும். பயணக் கேட்டமரன்கள் கவிழ்வது அரிது. பெரும்பாலும் அதற்கு முன்பே கம்பி அறும், அல்லது பாய் கிழியும். ஆகவே இதை உடம்பின் உணர்வை நம்பி ஓட்டக் கூடாது, எண்களைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரம் என்பது கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இரட்டை உடல் அமைப்பு பாலினேசியர்களுடையது.

இன்று முதல் படகாகக் கேட்டமரன் வாங்குவோரில் பலருக்குக் கிடைப்பது கரீபியனில் வாடகைக்கு ஓடி, ஐந்தாறு ஆண்டில் விற்பனைக்கு வந்த படகு. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் இந்தச் சந்தை பெரியது. அங்கே வாங்குவது 2017-க்கு முன் கட்டிய படகு என்றால் முதல் கேள்வி, அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி தாக்கியபோது அது எங்கே இருந்தது என்பது. பழுதுபார்த்த படகு வேண்டாம் என்று சொல்லவில்லை. பழுதுபார்த்த இடம் தெரியாத படகு வேண்டாம். பாய்மரத்தின் அடியில் வரும் குறுக்குச் சுவரைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சுவர் உடலோடு சேரும் விளிம்பில் மயிரிழைப் பிளவு, பெயிண்ட் உரிதல், மூட மறுக்கும் கதவு, இவையெல்லாம் அந்தச் சுவர் அசைகிறது என்பதற்கான அடையாளம். முன்பக்கக் குறுக்கு உத்தரத்தின் இரு முனைகளையும் ஒருவர் உலுக்க, மற்றொருவர் விரலை இணைப்பில் வைத்துப் பார்க்கட்டும். பாய்மரத்தின் முன்கம்பி அந்த உத்தரத்தில்தான் நிற்கிறது.

பெரும்பாலான கேட்டமரன்களுக்குப் பின்கம்பி கிடையாது. பின்னோக்கிச் சாய்த்துக் கட்டிய பக்கக் கம்பிகளே பாய்மரத்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் பிடிக்கும் இரண்டு வேலையையும் செய்கின்றன. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பத்துப் பன்னிரண்டு ஆண்டு கடந்தால் மாற்றிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் அதையே கேட்கும். இடையில், முனைப்பூண் கம்பியைக் கவ்வும் இடத்தைச் சுற்றி மெல்லிய காகிதக் கைக்குட்டையை ஓட்டுங்கள். அறுந்த இழை இருந்தால் அதில் மாட்டும். ஒரே ஒரு இழை மாட்டினாலும் அந்தக் கம்பியோடு கடலுக்குப் போகாதீர்கள்.

நீருக்குக் கீழே கவனிக்க வேண்டியவை இரண்டு. உடலைத் துளைத்துச் செல்லும் வால்வுகள் சாதாரணப் பித்தளையாக இருந்தால், உப்புநீரில் துத்தநாகம் கரைந்து, சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது உதைத்தாலே உடையும் நிலை. வெண்கலம் அல்லது கூட்டுப்பொருள் வால்வாக மாற்றி, ஒவ்வொரு குழாய் முனைக்கும் இரண்டு கிளிப் போட்டு, வால்வு உடைந்தால் துளையை அடைக்கப் பக்கத்திலேயே ஒரு மரமுளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்தது செயில்டிரைவ், அதாவது என்ஜினிலிருந்து உடலின் அடிவழியே நேரே இறங்கும் கால். அந்தப் பெரிய துளையில் கடலைத் தடுத்து நிற்பது ஒரு ரப்பர் வளையம்தான். வோல்வோ அதற்கு 7 ஆண்டு கெடு சொல்கிறது. பழைய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

இனி எடை. புது உரிமையாளர்கள் மிக அதிகமாகத் தவறு செய்வது இதில்தான். நாற்பது அடிப் படகின் நீர்க்கோடு ஏறத்தாழ 200 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் தாழும். இரண்டு உடல்களை இணைக்கும் தளத்துக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 60 முதல் 80 சென்டிமீட்டர். ஒரு டன் ஏற்றினால் அதில் ஐந்து போய்விடும். அதன்பின் எதிர் அலையில் தளத்தடியில் விழும் ஒவ்வொரு அடியும் படகையே உலுக்கும். படகு மெதுவாகும், திரும்ப மறுக்கும். ஒரு நோட்டில் கணக்கு வையுங்கள்: தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ, 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. 70 மீட்டர் சங்கிலியே 160 கிலோ. அறைகள் நிறைய இருப்பதால் பொருட்களும் நிறையும். அணியத்து, அதாவது படகின் முன்முனை அறைகளைக் காலியாகவே வைத்திருங்கள். காலிப் படகின் நீர்க்கோட்டில் நாடா ஒட்டி வைத்தால் எவ்வளவு தாழ்ந்தது என்று தினமும் தெரியும்.

ஈய பேட்டரிகளை லித்தியமாக மாற்றினால் எடை பாதியாகும். ஆனால் என்ஜினின் ஆல்டர்னேட்டரை நேரே லித்தியத்தில் இணைக்காதீர்கள். லித்தியம் கேட்கும் மின்னோட்டத்தை நெடுநேரம் கொடுத்து அது கருகிவிடும். இடையில் சார்ஜரோ வெப்பம் அறியும் ரெகுலேட்டரோ தேவை. முதன்மை ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

ஓட்டப் பழகுவதை என்ஜினில் தொடங்குங்கள். உடலுக்கு ஒன்றாக உள்ள இரண்டு என்ஜின்களின் நீர்விசிறிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மீட்டர் இருப்பதால், சுக்கானை நடுவில் வைத்து ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓடவிட்டால் படகு நின்ற இடத்தில் சுழலும். காற்று இல்லாத நாளில் ஒரு மிதவையைச் சுற்றி இதைப் பழகுங்கள். காற்றடிக்கும் நாளில் உயரமான பக்கங்களே பாயாகிவிடும். வேகம் குறைந்தால் அணியம் காற்றோடு போகும்.

எதிர்க்காற்றில் திசை மாற்றும்போது கேட்டமரன் நடுவழியில் நின்றுவிடக்கூடும். முதலில் சற்று விலகி வேகம் பிடித்து, பிறகு சுக்கானை வெட்டாமல் சீராகத் திருப்புங்கள். முன்பாயின் தாமானை, அதாவது அதை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, உடனே விடக் கூடாது. காற்று அந்தப் பாயின் மறுபக்கத்தில் பட்டு அணியத்தைத் தள்ளிய பிறகே விட வேண்டும். அணியம் காற்றைத் தாண்டியதும் பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இல்லையேல் அது படகை மீண்டும் காற்றுக்கே திருப்பும். நின்றேவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலப்பக்கம் திரும்ப இடது என்ஜினை முன்னே போடுங்கள்.

இப்போது ரீஃப், அதாவது பாயைக் குறைப்பது. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) காற்று 21 நாட் ஆனாலே விசை இரட்டிப்பு. இந்த அளவுப் படகுகளில் எதிர்க்காற்றுக்கு முதல் ரீஃப் 18 முதல் 20 நாட்டில், இரண்டாவது 25-ஐ ஒட்டி வரும். உங்கள் படகுக் கையேட்டின் அட்டவணையே இறுதியானது; அதை வெட்டிச் சுக்கான் பக்கம் ஒட்டுங்கள். சராசரிக் காற்றுக்கல்ல, வீச்சுக் காற்றுக்குக் குறையுங்கள். பின்காற்றில் ஓடும்போதுதான் ஏமாற்றம். உண்மைக் காற்று 20 நாட், படகு 8 நாட் என்றால் படகில் படும் காற்றை அளக்கும் கருவி 12 காட்டும். ஆளைக் காப்பாற்றவோ பாறையை விலக்கவோ காற்றுப்பக்கம் திரும்பினால் அது 25-ஐத் தொடும். பாயில் விசை நான்கு மடங்கு. அந்த நேரத்தில் குறைக்கலாம் என்றால், பெரிய பாய் பக்கக் கம்பிகளில் அழுந்திக் கிடக்கும், பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை விட்டாலும் இறங்காது. எனவே பின்காற்றுக்குத் திரும்புமுன்பே ரீஃப் போடுங்கள். உண்மைக் காற்றின் எண்ணை மட்டும் பாருங்கள்.

நங்கூரத்துக்கும் கணக்குத்தான். ஆழம் 5 மீட்டர், அணிய உயரம் 1.5, ஏறும் நீர் அரை மீட்டர். கூட்டினால் 7, அதன் ஐந்து மடங்கு 35 மீட்டர் சங்கிலி. பிறகு இரண்டு அணியத்திலிருந்தும் நைலான் கயிறுகளைச் சங்கிலியில் கோத்துச் சுமையை அவற்றுக்கு மாற்றுங்கள். நங்கூரச் சுழலியின் பற்களில் இரவெல்லாம் படகைத் தொங்கவிடக் கூடாது. படகு கவிழ்ந்தால் வெளியேறித் தப்புவதற்கான ஜன்னல், படகு ஓடும்போது பூட்டியே இருக்கட்டும். உயிர்த்தெப்பமும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியும், படகு கவிழ்ந்த நிலையிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வர்ஜின் தீவுகளில் பழகுவோர் முதல் சில வாரம் தீவுகள் அலையை மறைக்கும் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாயிலேயே இருங்கள். வடக்கே தாழ்ந்த பவளத்தீவான அனெகாடாவுக்கு அதன்பின் போகலாம். கிட்டே போகும்வரை கண்ணில் படாது, தென்கிழக்கில் ஹார்ஸ்ஷூ பாறைத்திட்டு நீண்டு கிடக்கிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது சேரும்படி காலையிலேயே கிளம்பி, அணியத்தில் ஒருவரை நிறுத்தி, நீரின் நிறம் பழுப்பாகும் இடங்களை விட்டு விலகி நுழையுங்கள்.