உப்பின பேட்டரியை ஊக்கால் குத்தாதீங்க

போன செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து கேரி பேக்கில் சுற்றிய எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். பிரித்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக ஒரு வாடை. முதல் வேலையாக ஊதுபத்தியை அணைத்தேன்.

டேப்லெட்டில் போடுகிற லித்தியம் பேட்டரி. ஆன்லைனில் வாங்கி 11 நாள்தான் ஆகிறது. வெள்ளி நிற உறை ஆறிப்போன பூரி மாதிரி பாதி உப்பி, பாதி சுருங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு துண்டு செல்லோ டேப்.

"இன்னா சார் இது, டேப் ஒட்டியிருக்கு?"

"உள்ள காத்து ஏறிடுச்சு சார். ஊக்கால குத்தி எடுத்துட்டேன். இப்ப சார்ஜ் ஏற மாட்டேங்குது."

தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்க்காரர் அவர். நெருப்போடு விளையாடக் கூடாது என்று அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது! காட்பாடியில் மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்து 17 வருஷம் ஆகிறது. இந்த வெயிலில் மட்டும் உப்பின பேட்டரி செல் கொண்டு வந்தவர்களில் இவர் நாலாவது ஆள், குத்திக் கொண்டு வந்ததில் ரெண்டாவது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

'காத்து ஏறிடுச்சு' என்று சொல்வதை முதலில் விடுங்கள். அது சைக்கிள் டியூப் இல்லை. வெளியிலிருந்து காற்று நுழைய அதில் வழியே கிடையாது. உள்ளே தகடுகளுக்கு நடுவில் மின்னூட்டத்தைக் கடத்துகிற எலக்ட்ரோலைட் திரவமே கெட்டுப்போய் வாயுவாக மாறியிருக்கிறது. அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும், தீப்பிடிக்கிற வாயுக்களும் இருக்கும். வயிறு உப்பினால் வயிற்றைக் குத்துவோமா? சரி, குத்தினால் என்ன ஆகும்? பிளஸ் தகட்டையும் மைனஸ் தகட்டையும் பிரிப்பது ஒரு பிளாஸ்டிக் படலம். அதன் கனம் சுமார் 20 மைக்ரான், அதாவது உங்கள் தலைமுடியைவிட மெல்லிசு. அப்படித் தகடும் படலமுமாக மடித்து மடித்து வைத்திருக்கிற அடுக்குக்குள் ஊக்கை இறக்கினால், ரெண்டு தகட்டையும் நீங்களே ஒயர் போட்டுச் சேர்த்த மாதிரி. அந்த இடம் சுடும், பக்கத்து அடுக்கு உருகும், அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்கிறீர்களா? ஊக்கு ஓரமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டை வழியாக ஈரக்காற்று போனால், அந்த எலக்ட்ரோலைட்டில் கரைந்திருக்கிற லித்தியம் உப்போடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கிற சரக்கு அது. செல்லோ டேப் அதைத் தடுக்காது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் தொழிலிலேயே சிலர் குத்தி, மஞ்சள் டேப் ஒட்டி, 'சரி பண்ணிட்டேன்' என்று 200 ரூபாய் வாங்குகிறார்கள். அதை வீடியோவாகவும் போடுகிறார்கள்.

உப்பியிருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், கருவியில் மாட்டாத தனி செல்லைக் கண்ணாடி மேசைமேல் வைத்து விரலால் லேசாகச் சுண்டுங்கள். தட்டையாக இருந்தால் இழுத்துக்கொண்டு நின்றுவிடும், உப்பியிருந்தால் பம்பரம் மாதிரி சுற்றும். போனில் பின்மூடி எழும்பும், லேப்டாப்பில் டச்பேட் அமுங்காது. 'டச்பேட் ஸ்டக் ஆயிடுச்சு' என்று வருகிற லேப்டாப்பைத் திறந்தால், அடியில் தலையணை மாதிரி பேட்டரி கிடக்கும். டார்ச், பவர் பேங்கில் வருகிற, உருளையாக இருக்கிற 18650 என்ற செல் மட்டும் வேறு ஜாதி. இரும்புக் கூடு என்பதால் கெட்டுப்போனாலும் உப்பிக் காட்டாது.

உப்பியது தெரிந்த நிமிஷமே சார்ஜரைப் பிடுங்குங்கள், கருவியை ஆஃப் பண்ணுங்கள். 'சார்ஜே இல்ல சார், டெட்டு' என்று நம்பாதீர்கள். போன் அணைந்த பிறகும் செல்லில் 3 வோல்ட் பக்கம் மிச்சம் இருக்கும். ஒட்டியிருக்கிற பேட்டரியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். புத்தகத்தைப் பாரமாக வைத்து அமுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அதையும் ஒரு அம்மா செய்திருந்தார். தனி செல் என்றால் முனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில் வையுங்கள். மாடிப்படிக்கு அடியில் வேண்டாம். கேஸ் சிலிண்டர், பைக் பக்கத்திலும் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவும் வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கியவர்களிடம் இன்னொரு வியாதி உண்டு. ரிட்டர்ன் எடுக்க ஆள் வருகிறவரை பீரோவில் துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அப்புறம் அதை ஒரு கொரியர் பையன் முதுகில் ஏற்றி, மத்தியான வெயிலில் சத்துவாச்சாரிக்கும் பாகாயத்துக்கும் சுமக்க வைக்கிறார்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே தடை இருக்கிறது. போட்டோ, வீடியோ எடுத்து அனுப்பி, 'உப்பியிருக்கிறது, பார்சலில் அனுப்ப முடியாது' என்று எழுதிப் பணத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வாங்கும்போதே கொஞ்சம் பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ். 16046 தரப்படி பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உறைமேல் இருக்க வேண்டும், அது 'ஆர்' எழுத்தில் தொடங்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். 18650 செல்லில் 9900 எம்.ஏ.ஹெச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 3500 பக்கம்தான்.

குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்குள் நசுங்கினால் மாட்டுவது தூய்மைப் பணியாளர். பழைய இரும்புக் கடைக்கும் வேண்டாம், அங்கே சுத்தியல் காத்திருக்கும். விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று அப்புறப்படுத்துவது உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. சர்வீஸ் சென்டரிலோ இ-வேஸ்ட் சேகரிப்பவரிடமோ கொடுங்கள்.

புகை வர ஆரம்பித்தால் செல்லைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, 101-க்குப் போன் போடுங்கள். 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். புகையில் மூச்சுமுட்டித்தான் போனார்கள். போன் பேட்டரி மாதிரி சின்னது, மின்சாரமும் பிடுங்கியாயிற்று, தள்ளி நிற்க இடமிருக்கிறது என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம். 'லித்தியத்துக்குத் தண்ணி ஆகாது' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே கொண்டு வராதீர்கள். இந்த செல்லில் லித்தியம் உலோகமாக இல்லை. மணல் பரவாமல் பிடிக்கும், ஆனால் உள்சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான்.

என் கடைக்கு எடுத்து வருவதானால் வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். தயவுசெய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். நெஞ்சுக்கு நேரா வைத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார் மனுஷன்.

அவருடைய செல் இப்போதும் பின்கட்டில் மண்சட்டிக்குள்தான் இருக்கிறது. மேலே அட்டையில் 'தொடாதே' என்று எழுதி வைத்தேன். கடைப் பையன் அதற்குக் கீழே பேனாவால் 'குத்தாதே' என்று சேர்த்திருக்கிறான்.