பழைய ஆயில் இன்ஜினுக்குக் கார் பெயின்ட் அடிக்காதீர்கள்

போன மாதம் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு லிஸ்டர் டீசல் இன்ஜின் வேனில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. தாத்தா காலத்தில் கிணற்று நீர் இறைத்த இன்ஜின். பேரன் அதைத் தோட்டத்து வீட்டு வாசலில் வைத்து, பொங்கலுக்கு ஓடவிட்டு உறவுக்காரர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். கார்களுக்கு வண்ணம் அடிக்கும் இடத்தில் கொடுத்து, அடர்பச்சையில் முகம் பார்க்கும் அளவுக்கு மின்ன வைத்திருந்தார். "அண்ணா, பெயின்ட் வேலை முடிந்துவிட்டது. ஓடவைத்துக் கொடுத்தால் போதும்" என்றார்.

ஓடியது. மூன்றாம் நாள் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினின் பக்கத்தில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நடுக்குடத்தில், அதைத் தண்டோடு பூட்டும் இரும்புச் சாவி இறங்கும் காடிக்குப் பக்கத்தில், தலைமுடி கனத்தில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. துடைத்தேன், மீண்டும் கசிந்தது. உளியால் லேசாகச் சுரண்டினால் பெயின்ட், அதன் கீழே பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி, அதன் கீழே காடியின் மூலையிலிருந்து கிளம்பி வெளிப்புறம் வரை போன விரிசல். வார்ப்பில் இருந்த வடு என்று நினைத்துப் பட்டி வைத்து இழுத்து, உப்புத்தாள் போட்டு, மேலே பெயின்ட்டும் அடித்து மூடிவிட்டார்கள்.

இரண்டடி விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வாசலில் குழந்தைகள் சுற்றி நின்று பார்க்க ஓடவிட இருந்த சக்கரம் அது. பட்டிக்குக் கீழே விரிசலோடு என்னிடம் வரும் மூன்றாவது ஃப்ளைவீல் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

'எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு நல்ல வேலை' என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் பளபளப்பைப் பற்றிக் கேட்பது, "கிளாஸ் நன்றாக வருமா?" என்றுதான். கார் கதவு அச்சில் அழுத்தி எடுத்த தகடு, வழவழப்பாகப் பிறந்தது. இன்ஜின் உடல் மணல் அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பு. மேடு பள்ளமும் மணல் பதிந்த சொரசொரப்பும் அதன் தோல். அந்தத் தோல் மேல் அதிகப் பளபளப்பான பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் வெளிச்சத்தில் துருத்திக்கொண்டு தெரியும். அதை மறைக்கப் பட்டி. பட்டியின் அலை தெரியாமலிருக்க இன்னொரு கை பட்டி. கடைசியில் இரும்பே தெரியாது. எழும்பி நிற்கும் வார்ப்பு எழுத்துகள் மழுங்கிப்போகும். எண்ணெய் விடும் துளைகள் அடைபடும். விரிசல்கள் ஒளிந்துகொள்ளும். பளபளப்பை ஓர் அளவு குறைத்தால் இத்தனை பட்டிக்குத் தேவையே இல்லை. பாதிப் பளபளப்புள்ள, கடையில் 'செமி கிளாஸ்' அல்லது 'சாட்டின்' என்று கேட்டால் கிடைக்கும் எனாமல், வார்ப்பின் சொரசொரப்பை இயல்பாகவே அமைதிப்படுத்திக் காட்டும்.

"அப்படியானால் மேட் அடித்துவிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். பளபளப்பே இல்லாத முழு மேட் பரப்பில் டீசலும் கையழுக்கும் ஊறிக் கறையாக நிற்கும். துடைத்தால் துடைத்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக மினுங்கும். ஓடப்போகும் இன்ஜினுக்கு அது ஒத்துவராது.

"கம்பெனியில் இருந்து வந்தபோது புதுசாக மின்னியிருக்கும் அல்லவா?" என்றும் கேட்பார்கள். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் தொழிற்சாலை இந்த இன்ஜின்களைச் செய்து அனுப்பியது கிணற்றடிக்கும் மாவு மில்லுக்கும், ஊர்வலத்துக்கு அல்ல. வாங்கியவர்கள் அதைத் துடைத்தார்கள், எண்ணெய் விட்டார்கள், ஓட்டினார்கள். அதன் நிறம் நடுத்தர பிரன்ஸ்விக் பச்சை. பிரிட்டிஷ் நிற அட்டையில் பி.எஸ். 381சி, எண் 226. கடையில் இந்த எண்ணைச் சொல்லிக் கலக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லாதீர்கள்; ஒவ்வொரு திரையிலும் பச்சை ஒவ்வொரு மாதிரி தெரியும். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனி இன்ஜின் என்றால் பெயர்த் தகட்டைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். டேங்க் உட்காரும் தாங்கிக்கு அடியிலும் பாருங்கள். வெயிலும் மழையும் படாத மூல வண்ணம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

சிலர் கொண்டுவரும் இன்ஜினில் பழைய பெயின்ட் பாதிக்குமேல் நன்றாகவே இருக்கும். அதைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும். தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்த பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தேய்த்துவிட்டால் போதும். ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

அடுத்து, கார்களுக்கு அடிக்கும் இரண்டு டப்பா பெயின்ட்டைப் பற்றி. ஒரு டப்பாவில் பெயின்ட், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர்; கலந்து அடிப்பார்கள். டீசல் சிந்தினாலும் அசையாது, உண்மைதான். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிரியாகிவிட்டால், பிறகு துளி வாசனை பட்டாலும் மூச்சு இழுக்கும். என்னிடம் தொழில் பழகிய ஒரு தம்பி வேறு இடத்தில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இதை அடித்துவந்தான். இன்று அவனால் பெயின்ட் கடைக்குள்ளேயே நுழைய முடியவில்லை. வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாயில் வரும் முகமூடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள். வீட்டுக் கார் ஷெட்டில் அறவே கூடாது. ஒற்றை டப்பா சிந்தெடிக் எனாமலை நல்ல தூரிகையால் இரண்டு கை மெல்லிதாக இழுத்து, மூன்று நான்கு வாரம் பொறுமையாகக் காயவிட்டால் டீசல் இன்ஜினுக்கு அது தாராளம். பெட்ரோலில் ஓடும் சின்ன இன்ஜின் என்றால் மட்டும் டேங்க்கைச் சுற்றி எனாமல் இளகும். சிந்தியதை உடனே துடைக்கும் பழக்கம் வேண்டும்.

தண்ணீரில் குளிரும் சிலிண்டருக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட் தேவையில்லை. தண்ணீர் இருக்கும் வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. புகைக்குழாய்க்கும் சைலன்சருக்கும்தான் அது வேண்டும். காற்றில் குளிரும் இன்ஜினின், சூட்டை வெளியேற்றும் விசிறி மடிப்புகளுக்குள் கனமாக எதையும் அடிக்காதீர்கள். பொடியைத் தூவி அடுப்பில் உருக்கும் பவுடர் கோட்டிங்கும் வேண்டாம். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கிறது; அடுப்பில் ஏற்றியதும் அது வெளியே வந்து கொப்புளமாகும்.

பெல்ட் ஓடும் ஃப்ளைவீல் விளிம்பு, பித்தளைத் தகடு, எண்ணெய்க் கிண்ணம், ஸ்பிரிங், திருகு மரை ஆகியவற்றில் பெயின்ட் படவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பழைய பெயின்ட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் அதில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நம் நாட்டில் வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்டுகளில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று வரம்பு வந்ததே 2016ஆம் ஆண்டு விதிகளில்தான். உங்கள் இன்ஜின் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. உலர்வாகத் தேய்க்காதீர்கள், புளோ லேம்ப் தீயைக் காட்டி எரிக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் தாளில் வழித்து எடுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

பிரைமர் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை. ஃப்ளைவீலைத் தண்டிலிருந்து கழற்றி, கயிற்றில் தொங்கவிட்டு, சந்தையில் பானை தட்டிப் பார்ப்பதுபோலச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல சக்கரம் மணிபோல நீண்டு ஒலிக்கும். விரிசல் விட்டது தட்டென்று அடங்கும். ஒலி நன்றாக இருந்தாலும் குடத்தின் மேல் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு விழும். குடத்தில் பட்டியே வைக்காதீர்கள். மெல்லிய பிரைமர், மெல்லிய எனாமல், அவ்வளவுதான். நாளைக்கு விரிசல் புதிதாக விட்டாலும் கண்ணுக்குத் தெரியும்.

பல்லடத்துத் தம்பிக்கு அந்தச் சக்கரத்தை இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. பழைய இரும்புக் கடைகளில் மாற்றுச் சக்கரம் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் பட்டி இல்லாமல் நானே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். விரிசல் விட்ட சக்கரம் பட்டறை வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. குடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, விரிசலின் மேல் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறேன். பெயின்ட் பற்றிக் கேட்டு வருகிறவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறேன்.