பேனலை மாற்றச் சம்மதிக்கும் முன்

பழுதுபார்க்க வரும் மடிக்கணினிகளில் ‘டிஸ்ப்ளே போய்விட்டது’ என்ற குறிப்போடு வருபவை பலவற்றுக்குப் புதிய பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பகுதி, தேவைப்படுவதில்லை என்பதை என் பணியில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பழுதுச் செலவில் பேனல் பெரிய தொகை என்பதால், கோளாறு உண்மையில் அதில்தான் உள்ளதா என்பதைக் கழற்றும் முன்பே ஓரளவு உறுதி செய்துகொள்வது நல்லது.

திரை முழுவதும் கறுப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கி, கைபேசியின் டார்ச் வெளிச்சத்தைத் திரையின் மீது சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலாகவேனும் படம் தெரிந்தால், படம் பேனல் வரை வந்து சேர்கிறது, திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி மட்டுமே எரியவில்லை என்று பொருள். அப்போது சந்தேகிக்க வேண்டியவை பேனலுக்குள் இருக்கும் எல்இடி பட்டை, அதற்கு மின்சாரம் தரும் மதர்போர்டுச் (கணினியின் முதன்மைப் பலகை) சுற்று, அங்குள்ள சிறு ஃபியூஸ், இடையில் ஓடும் கேபிள் ஆகியவை.

டார்ச்சில் எதுவும் தெரியாவிட்டால் எச்டிஎம்ஐ கேபிள் மூலம் தொலைக்காட்சியில் இணைத்து, விண்டோஸ் விசையுடன் பி-யை அழுத்திப் பார்க்கலாம். அங்கே படம் சரியாக வந்தால் பேனல் அல்லது கேபிளின் மீது சந்தேகம் வலுக்கும். ஆனால் தனி கிராபிக்ஸ் சிப் உள்ள சில மாடல்களில் எச்டிஎம்ஐ துளை அந்தச் சிப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால், இச்சோதனையை மட்டும் வைத்து மதர்போர்டு நலமாக உள்ளது என்று முடிவு கட்டிவிட முடியாது. மடிக்கணினித் திரை, தொலைக்காட்சி இரண்டிலும் படம் வராமல், கேப்ஸ் லாக் விசையை அழுத்தினாலும் அதன் விளக்கு எரிந்து அணையாவிட்டால், முதலில் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்ப்பதே முறை.

கோடுகளும் நிறக்கோளாறும் தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கோடு அந்தப் படத்திலும் இருந்தால் கோளாறு டிரைவரில் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) அல்லது கிராபிக்ஸ் சிப்பில். இல்லாவிட்டால் பெரும்பாலும் பேனலில் அல்லது கேபிளில். விண்டோஸ் தொடங்கும் முன் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் திரை) பக்கத்திலேயே கோடு தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்ல இடமில்லை, விண்டோஸை மறுபடி நிறுவுவதும் வீண் வேலைதான்.

மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியே செல்லும் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயிரம் முறை மடங்கும் இடத்தில் மெல்லிய கேபிளை வைத்தால் தேயத்தான் செய்யும். 2016-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இதே இடத்துக் கோளாறால், திரையின் அடியில் மேடை விளக்குகளைப் போல வெளிச்சத் திட்டுகள் தோன்றின. ஆப்பிள் நிறுவனம் 2019 மே மாதம் அதற்கென இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது.

இன்னொன்று: மூடி மூடப்பட்டதைக் காந்தத்தின் மூலம் உணரும் உணரி பல மாடல்களில் உண்டு. காந்தப் பூட்டுள்ள கைபேசி உறையைக் கைவைக்கும் பகுதியில் வைத்தாலே திரை அணைந்துவிடக்கூடும்.

பேனலை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதன் பின்புறம் அச்சிட்டுள்ள பாக எண், ரெசல்யூஷன், இணைப்பான் 30 பின்னா 40 பின்னா என்பவை ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் திரைக் கேபிளைப் பிடுங்கினால் மதர்போர்டின் பின்னொளி ஃபியூஸ் எரிந்து, புதிய பேனலும் இருட்டாகவே இருக்கக்கூடும்.