முதல் இரண்டு வருடத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

இயற்கை விவசாயத்துக்கு மாற விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “கிலோ என்ன விலைக்குப் போகும்?” என்பதுதான். சான்றளிப்பு ஆய்வுக்காக டெல்டாவில் வயல் வயலாக நடக்கிற எனக்கு, அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் கவலையைத் தருகிறது. கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் நல்ல விலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை அரிசிக்கு. நெல்லாகக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், இயற்கையில் விளைந்தது என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

அதற்கு முன்பே கடக்க வேண்டிய ஒரு காலம் இருக்கிறது. நெல் போன்ற பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 வருடம், தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருடம் மாறுதல் காலம், அதாவது ரசாயனம் இல்லாமல் பயிர் செய்து சான்றுக்காகக் காத்திருக்கும் காலம். விளைச்சல் குறைவதும் சான்று கைக்கு வராததும் ஒன்றாகச் சேரும் நாட்கள் இவை. பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விட்டார்கள்.

விளைச்சல் ஏன் குறைகிறது? ஒரு மூட்டை யூரியாவில், அதாவது 45 கிலோவில், சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதே அளவைத் தொழுவுரத்தில் கொடுக்க ஏறக்குறைய 4 டன் வேண்டும். அதுவும் முழுவதும் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. வீட்டில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு ஐந்து ஏக்கரையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் நல்லவைதான். ஆனால் அவை தொழுவுரத்தின் இடத்தை நிரப்பாது. கைக்கு எட்டும் வழி பசுந்தாள் உரம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 நாளில் மடக்கி உழுங்கள். முதல் வருடத்திலேயே மண்ணின் பொலபொலப்பு கையில் தெரியும்.

பாரம்பரிய ரகங்களில் இன்னொரு சிக்கல். மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும். கதிர் முற்றும் நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் சாய்ந்துவிடும். தாழ்வான, நீர் வடியாத வயலில் அதை நடாதீர்கள்.

இனி என் தொழிலில் நான் அன்றாடம் பார்ப்பது. ஒரு விவசாயி வீட்டுக் கொட்டகையில் யூரியா சாக்கு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது மண்புழு உரம். நேர்மையான மனிதர், வயலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தச் சாக்கை நான் குறிப்பில் எழுத வேண்டியிருந்தது. அவர் விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது. அவரிடம் தேதி போட்ட பதிவு எதுவும் இல்லை என்பதுதான் பெரிய இடர். மன்னார்குடிப் பக்கம் இன்னொருவர், பள்ளிக்கூட நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில், “கீழண்டை வரப்பில் பக்கத்து வயல் மருந்து வாடை. ஆறு வரிசையைத் தனியாக அறுத்தேன்” என்றிருந்தது. அந்த ஒரு வரி அவர்மேல் எனக்கு ஏற்படுத்திய நம்பிக்கையை எந்த வாய்ப்பேச்சும் ஏற்படுத்தியிருக்காது.

ஏற்றுமதிக்குப் போகிறவர்களுக்கு மூன்றாம் நபர் சான்று, அதாவது வெளி அமைப்பு ஒன்று ஆய்வு செய்து தரும் சான்று, கட்டாயம். அரசின் அங்ககச் (இயற்கை வேளாண்) சான்றளிப்புத் துறையும் அதைச் செய்கிறது. உள்ளூரில் விற்பவர்களுக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை போதும்: அக்கம்பக்கத்தில் குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் ஆய்வு செய்து கொள்கிறார்கள். அரைவை விஷயத்திலும் இந்த ஐவர் உதவுவார்கள். பத்து மூட்டைக்காக எந்த ஆலையும் இயந்திரத்தைச் சுத்தம் செய்து தராது. முன்பு அரைத்த அரிசி கலந்துவிட்டால் இரண்டு வருட உழைப்பும் அங்கேயே போய்விடும். ஐம்பது மூட்டையாகப் போனால் பேசிப் பார்க்கலாம். 100 கிலோ நெல்லுக்கு 60, 65 கிலோ அரிசிதான் வரும் என்பதையும் விலை சொல்வதற்கு முன் கணக்கில் வையுங்கள்.

வரும் கோடையில் ஓர் ஏக்கரில் மட்டும் தக்கைப்பூண்டு விதைத்துப் பாருங்கள். விதைத்த தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கொட்டகையில் பழைய உரச் சாக்கு கிடந்தால் அன்றே வெளியேற்றிவிடுங்கள்.