ரத்தம் தள்ளும் இதழ், இதழ் திருப்பும் ரத்தம்

ஆற்றில் சேலை அலசும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை ஓட்டத்தில் விட்டால் சேலை நெளிந்து ஆடும். தண்ணீர் சேலையைத் தள்ளுகிறது. நெளிந்த சேலை தண்ணீரின் போக்கைத் திருப்புகிறது. திரும்பிய தண்ணீர் சேலையை வேறு பக்கம் தள்ளுகிறது. இதில் எது முதல், எது பிறகு என்று பிரிக்கவே முடியாது.

நம் இதயத்திலும் இதேதான் நடக்கிறது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் மகாதமனி. அதன் வாயிலில் உள்ள வால்வுக்கு மெல்லிய இதழ்கள் மூன்று. அவற்றை இழுத்து மூடத் தசை எதுவும் கிடையாது. ரத்தம் தள்ளினால் திறக்கும், ஓட்டம் தணிந்தால் மூடும், அவ்வளவுதான். இதழ்களுக்குப் பின்னால் தமனிச் சுவரில் சிறு குழிவுகள் உண்டு. அங்கே சுழலும் ரத்தம் இதழ்கள் மூட உதவுகிறது என்பதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி படம் வரைந்து எழுதி வைத்துவிட்டார்.

சரி, இதைக் கணினியில் எப்படிக் கணக்கிடுவது? ரத்தம் இருக்கும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். கட்டங்களை இதழின் வடிவத்துக்கு ஏற்ப அமைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதழ் அசையும் ஒவ்வொரு கணமும் அவற்றைத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொள்ளும்போது நடுவிலுள்ள கட்டங்கள் நசுங்கியே போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விமான இறக்கை என்றால் காற்றை ஒருமுறை, இறக்கையை ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கணக்கிட்டே பெரும்பாலும் சமாளித்துவிடலாம், ஏனென்றால் இறக்கையோடு ஒப்பிட்டால் காற்று மிக லேசானது. ரத்தமும் இதழும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி கொண்டவை. இங்கே அதே முறையைப் பிடித்தால், சிறு பிழை ஒவ்வொரு சுற்றிலும் பெருகிக் கணக்கையே சிதறடித்துவிடும்.

1972இல் கணிதவியலாளர் சார்லஸ் பெஸ்கின் இதற்கு ஒரு வழி சொன்னார். அதன் எளிமை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கட்டங்களைத் தொடாதே, அவை சதுரமாக அப்படியே இருக்கட்டும். இதழைச் சுருள்வில்களால் கோத்த புள்ளிகளின் வரிசையாக எடுத்துக்கொள். வில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்து விசையைக் கணக்கிடு. அந்த விசையைச் சுற்றியுள்ள கட்டங்களில் உள்ள ரத்தத்தின் மேல் பரப்பிவிடு. ரத்தம் எப்படி ஓடும் என்று தீர்வு காண். அப்புறம் அந்த ஓட்டத்தின் வேகத்திலேயே புள்ளிகளை நகர்த்து. இதைத் திரும்பத் திரும்பச் செய். ரத்தத்தைப் பொறுத்தவரை அங்கே இதழ் என்று ஒரு பொருளே இல்லை, ஆங்காங்கே ஒரு விசை மட்டும்தான். இந்த வசதிக்கு விலையும் உண்டு. இதழின் விளிம்பு கொஞ்சம் மங்கிவிடும், வில் விறைப்பாக இருந்தால் மிகச் சிறிய காலப் படிகளில்தான் நகர முடியும்.

வால்விலிருந்து தந்துகிக்கு, அதாவது உடலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்க்கு, வருவோம். சிவப்பணுவின் அகலம் சுமார் 8 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்). அது நுழைய வேண்டிய தந்துகிகளில் பல அதைவிடக் குறுகலானவை. நுழைய முடிவதற்குக் காரணம் அதன் தோல். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொருளை ஒரு உருண்டையாகப் பொதியத் தேவையானதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் தோல் அதற்கு உண்டு, தொளதொளவென்ற சட்டை மாதிரி. அந்தத் தோல் மடியும், வளையும், ஆனால் பரப்பில் அதிகம் விரியாது. சிமுலேஷனில் இந்த மூன்று குணங்களையும் தனித்தனி வில்களாகப் போடுகிறார்கள். மலேரியா கிருமி புகுந்த சிவப்பணு விறைத்துப்போகும். வில்லின் விறைப்பைக் கூட்டினால், அது தந்துகியில் திணறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். இந்த அளவில் உந்தம் என்பதற்கு வேலையே இல்லை. தள்ளுவதை நிறுத்தினால் சிவப்பணு அந்தக் கணமே நின்றுவிடும்.

இன்னும் சிறிதாக, நானோமீட்டர் (மைக்ரோமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் போனால் தண்ணீர் அமைதியாக இருக்காது. மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால் எல்லாமே நடுங்கும். பெஸ்கினும் அவருடன் இருந்தவர்களும் 2007இல் வெளியிட்ட முறையில், அந்த நடுக்கத்தைத் தற்செயல் விசையாகத் திரவத்தின் மேலேயே சேர்த்தார்கள். எவ்வளவு நடுக்கம் என்பதை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. வெப்பநிலையும், திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்ற பாகுத்தன்மையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

சில நானோமீட்டருக்குக் கீழே இந்த வழியும் நின்றுவிடுகிறது. சிவப்பணுவின் தோலிலேயே அக்வாபோரின் என்ற புரதத் துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசையில் போகின்றன. வரிசையில் நிற்கும் மூலக்கூறுகளுக்குப் பாகுத்தன்மை என்று எதைச் சொல்வது? அங்கே மூலக்கூறுகளில் உள்ள ஒவ்வொரு அணுவையும் (atom) தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும், ஒரு படிக்கு 2 ஃபெம்டோவினாடி. ஃபெம்டோவினாடி என்பது மைக்ரோவினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, மைக்ரோவினாடியோ வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோவினாடியைப் பார்க்க 50 கோடி படிகள். அந்தத் துளையைத் தாங்கியிருக்கும் சிவப்பணுவோ, தந்துகியைக் கடக்க ஒரு வினாடி அளவுக்கு எடுத்துக்கொள்கிறது.